மேட்டிலா, திடலிலா? எங்கள் ஊர்ப் பொது மண்டபத்தை எங்கே கட்டுவது

2023 மார்ச் மாதம், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் வட்டாரத்தில் வெள்ளம் ஏறிய இரவு, எங்கள் ஊர் மண்டபத்தின் சாவி தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் நாற்பது ஐம்பது பேர் நனைந்துகொண்டு நின்றோம். சர்க்கரையில் ஒரு காலை இழந்த பாட்டி ஒருவரை, நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியோடு நான்கு பையன்கள் தூக்கி வந்தார்கள். முன்பக்கம் பிடித்த இருவர் கம்பத்துப் (மலாய்க் கிராமத்து) பையன்கள். பின்பக்கம் ஒருவன் தமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருப்பவன், இன்னொருவன் புதுக்கிராமத்துச் சீனப் பையன். நாற்காலியை இறக்கி வைத்த பிறகுதான் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். நால்வரும் பிறந்து வளர்ந்தது இதே ஊரில்தான்.

இப்போது புது மண்டபம் கட்டலாம் என்று பேச்சு நடக்கிறது. வெள்ளம் வந்தால் ஒதுங்கவும், மற்ற நாளில் ஊர் முழுக்கப் புழங்கவும் ஓர் இடம். கூட்டத்தில் நான்கு யோசனைகள் வந்தன. நான்கையும் நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்து, என் முடிவையும் அதற்கான காரணத்தையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஊரின் அமைப்பைச் சொல்ல வேண்டும். ஆற்றோரம் மலாய்க்காரர்களின் கம்பம். எல்லாவற்றுக்கும் மூத்தது அதுதான். 1909-ல் ஜொகூர் ரயில் பாதை முழுமை பெற்றபோது தண்டவாளம் ஊரை இரண்டாகப் பிரித்தது. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க 1948-ல் அவசரகாலம் வந்தது. 1950-ல், கிளர்ச்சிக்காரர்களுக்கு உதவி போகாமல் தடுக்கும் பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரம் சிதறி இருந்த சீனக் குடும்பங்களைக் கொண்டுவந்து முள்கம்பி வேலிக்குள் புதுக்கிராமமாக உட்கார வைத்தார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களையும் ஒன்றாகச் சேர்த்து வேலி போட்டார்கள். அப்புறம் ரப்பர்ப் பால் மரம் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்தது. வேலை குறைந்தது, லயங்கள் இடிந்தன, நம் ஆட்கள் பள்ளத்தில் கட்டிய மலிவு விலைத் தமானுக்கு இறங்கி வந்தார்கள். மேட்டில் மிஞ்சியது கோவிலும் சில லயத்து வீடுகளும்தான். முள்கம்பி போய் அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அந்த வேலி நின்ற கோட்டைத் தாண்டித் தினமும் போய் வர யாருக்கும் ஒரு காரணம் அமையவில்லை. ஒரே மார்க்கெட்டில் மீன் வாங்குவோம், அவரவர் பக்கம் திரும்பிவிடுவோம்.

வெள்ளத்துக்கு மட்டும் அந்தக் கோடு தெரியாது. 2006 டிசம்பரில் வந்தது, சேறு கழுவி முடிப்பதற்குள் 2007 ஜனவரியில் மறுபடி வந்தது. 2011-ல் சீனப் புத்தாண்டை ஒட்டி வந்தது. 2023-ல் மார்ச்சில், பருவமழை ஓய்ந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் வந்தது.

பழைய மண்டபத்தைச் சீர்செய்வது

செலவு குறைவு என்பதால் இதற்கு ஆதரவு அதிகம். கம்பத்து ஓரத்தில் இருக்கும் பாலாய் ராயாதான் அந்த மண்டபம். தண்ணீர் உள்ளே வரட்டும், வந்தாலும் கட்டடம் கெடாதபடி செய்வோம் என்பது இந்த யோசனை. சுவரில் ஐந்தடி வரை ஓடு பதிப்பது, மின்சார பிளக்குகளை அதற்கு மேலே ஏற்றுவது, பிளைவுட் தடுப்புகளை எடுத்துவிட்டுச் செங்கல் வைப்பது, கதவை அலுமினியத்தில் போடுவது. தண்ணீர் வடிந்த மறுநாள் குழாயால் அடித்துக் கழுவிவிடலாம்.

நல்ல யோசனைதான், எப்படியும் செய்ய வேண்டியதுதான். ஆனால் ஜன்னல் கட்டை வரை தண்ணீர் நிற்கும் கட்டடத்தில் யாரும் ஒதுங்க முடியாது. நமக்கு வேண்டியது அந்த இரவுக்கான இடம். இந்த யோசனையை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

மேட்டில், கோவிலுக்குப் பக்கத்தில்

எங்கள் தமானில் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் இதைத்தான் சொல்வார்கள். என் வீட்டிலும் இதே பேச்சுதான். மேட்டுக்குத் தண்ணீர் வந்ததே இல்லை, 2006-லும் வரவில்லை. பழைய பெரட்டுக் களம் அங்கே சும்மா கிடக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் தாத்தாமார் பேர் கொடுக்க நின்ற இடம் என்பதால் அந்த மண்ணின் மேல் எங்களுக்கு ஒரு பாசமும் உண்டு.

இருந்தாலும் மூன்று விஷயங்கள் என்னைத் தடுக்கின்றன.

முதலாவது, வழி. மேட்டுக்குப் போகும் சாலை தண்டவாளத்துக்கு அடியில் நுழைந்து போகிறது. ஊரிலேயே முதலில் முழுகும் இடம் அந்தச் சுரங்க வழிதான். மாலை ஆறு மணிக்கே கிளம்பினால் போய்ச் சேரலாம். இரவு இரண்டு மணிக்குத் தூக்கத்தில் எழுந்து, படுக்கைக்குக் கீழே செருப்பு மிதப்பதைப் பார்த்துக் கிளம்புகிறவர்களுக்கு அந்த வழி கிடையாது. அந்த இரவு நாங்கள் பூட்டிய மண்டபத்தின் முன்னால் போய் நின்றதும் அதனால்தான்.

இரண்டாவது, நிலம். பெரட்டுக் களம் கம்பெனிக்குச் சொந்தம். இன்றைய நிர்வாகம் நல்ல மனதோடு தரலாம், நாளைக்குத் தோட்டம் கைமாறலாம். 1950-களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, மூன்று தலைமுறையாக இருந்த லயத்தை விட்டு நம் ஆட்கள் மூட்டை கட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் அன்றைய மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (மலாயா டாலராக) சேர்த்து, தோட்டங்களை அவர்களே வாங்குவதற்காக 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்து மண்ணில் கட்டிய எதுவும் நிலப் பட்டா இல்லாமல் நமக்கு நிலைக்காது என்பது நம் பாட்டன்மார் அடிபட்டுக் கற்ற பாடம். பொது மண்டபத்துக்கும் அதே பாடம்தான்.

மூன்றாவது விஷயத்தைச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. கோவில் வாசல் வழியாகப் போகும் மண்டபத்துக்கு, வெயில் நாளில் கம்பத்து மக்சிக் (மலாய் அம்மா) ஒருவர் தையல் வகுப்புக்கு வருவாரா? வரமாட்டார். வெறுப்பு ஒன்றும் கிடையாது, அது உங்கள் இடமாயிற்றே என்ற தயக்கம்தான். முஸ்லிம்களின் தொழுகைக் கூடமான சூராவ் வளாகத்தில் மண்டபம் கட்டினால் நம் வீட்டுப் பெண்களும் அதே தயக்கத்தோடுதான் நிற்பார்கள். வெயில் நாளில் கால் வைக்காத இடத்துக்கு மழை இரவில் மனிதர்கள் எளிதில் போவதில்லை. தண்ணீர் முழங்காலைத் தொடும் வரை வீட்டிலேயே இருந்து பார்க்கிறார்கள், பிறகு தாமதமாகிவிடுகிறது.

பள்ளி மண்டபத்தைப் பெரிதாக்குவது

நாடு முழுக்க வெள்ளக் காலத்தில் பள்ளிகள்தான் நிவாரண மையம் ஆகின்றன. எங்கள் தமிழ்ப்பள்ளியும் ஆனது. கழிப்பறை இருக்கிறது, வேலி இருக்கிறது, சமூக நலத்துறைக்கும் பழகிய இடம். முன்பெல்லாம் வெள்ளம் டிசம்பரில் வரும், அது பள்ளி விடுமுறை மாதம், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. வெள்ளம் அந்தக் கணக்கைப் பார்த்து வருவதில்லை. 2023 மார்ச்சில் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுத்துத் தேர்வே முடிந்திருக்கவில்லை.

பிள்ளைகள் படிக்கும் இடத்தை எல்லாத் தேவைக்கும் திறந்து விடவும் முடியாது. சனிக்கிழமை கல்யாணம், இரவில் பெரியவர்களின் கூட்டம், முப்பதாம் நாள் காரியம் என்று பள்ளியைக் கேட்க முடியுமா? தலைமையாசிரியர் மறுத்தால் அது நியாயம். பள்ளி இரண்டாம் கட்ட உதவிக்கு இருக்கட்டும். அந்த இரவுக்கான இடமாக அதை மட்டும் நம்ப வேண்டாம்.

திடலில், தூண்களின் மேல்

நான் கையெழுத்துப் போடுவது இந்த யோசனைக்குத்தான். ரயில் நிலையத்துக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் உள்ள திடல். புதன்கிழமை இரவுச் சந்தை போடும் இடம். கம்பம், தமான், புதுக்கிராமம் மூன்றிலிருந்தும் நடந்து வரக்கூடியது. யாருடைய வாசலும் இல்லை, அதனால் எல்லோருடைய வாசலும் ஆகலாம். அரசாங்க நிலம் என்பதால் மாவட்ட அலுவலகத்தில் முறையாகக் கேட்டு ஒதுக்கி வாங்கலாம்.

குறை ஒன்றே ஒன்று, அதுவும் பெரிய குறை. திடலில் தண்ணீர் நிற்கும்.

இதற்கு உடனே வரும் பதில், மண்ணைக் கொட்டி உயர்த்திவிடலாம் என்பது. தயவுசெய்து இதை மட்டும் செய்ய வேண்டாம். ஒரு ஏக்கர் நிலத்தை ஆறடி உயர்த்தினால் ஏழாயிரம் கன மீட்டருக்கு மேல் மண் வேண்டும். லாரிக்குப் பத்து கன மீட்டர் என்று வைத்தாலும் எழுநூறு நடைக்கு மேல். அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டிய அத்தனை தண்ணீரும் பக்கத்தில் இருப்பவர் வீட்டுக்குள் போகும். எங்கள் தமானை மண் போட்டு உயர்த்திய பிறகுதான் தங்கள் பக்கம் தண்ணீர் அதிகம் ஏறுகிறது என்று கம்பத்துக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஊரைச் சேர்க்க ஒரு மண்டபம் கட்டப்போய், அண்டை வீட்டை முழுகடிக்கும் மேட்டின் மேல் அதை வைத்தால் யார் உள்ளே வருவார்கள்?

தூண் வைத்தால் தண்ணீர் அடியில் புகுந்து போய்விடும். இதைக் கற்றுக்கொள்ள எங்கேயும் போக வேண்டாம், கம்பத்துப் பழைய மர வீடுகள் எல்லாம் தூணில்தான் நிற்கின்றன. பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் பங்களாதேஷைப் பார்க்கலாம். 1970 புயலில் மூன்று லட்சம் பேருக்கு மேல் மாண்ட பிறகு, கடலோரத்தில் தூண்களின் மேல் புகலிடங்கள் கட்ட ஆரம்பித்தார்கள். அவற்றில் பல, மற்ற நாளில் பள்ளிக்கூடங்கள். தினமும் பிள்ளைகள் போய் வரும் கட்டடம் என்பதால் புயல் இரவில் குடும்பத்துக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. நெதர்லாந்தில் மாஸ்பொம்மல் என்ற ஊரில் தண்ணீரோடு மேலே மிதக்கும் வீடுகள் உண்டு. எங்கள் ஆறு மரக்கட்டையும் செம்பனை மட்டையும் அடித்துக்கொண்டு வரும் ஆறு. மிதக்கும் கட்டடத்தின் பராமரிப்பும் எங்களால் ஆகாது.

உயரத்தைப் பார்ப்போம். திடலை ஒட்டிய மளிகைக் கடையின் முன்தூணில், கடை முதலாளியான தவுக்கே ஒவ்வொரு வெள்ளத்துக்கும் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டு வருடம் எழுதி வைத்திருக்கிறார். நாடாவைப் பிடித்துப் பார்த்தேன். மிக உயர்ந்த கோடு தரையிலிருந்து ஆறடி. அப்படியானால் தளம் ஏழடியில் இருந்தால் போதுமே என்று தோன்றும். போதாது. தளத்துக்கு அடியில் ஒன்றரை, இரண்டடிக்கு உத்திரம் தொங்கும். மரக்கட்டை வந்து மோதுவது அதில்தான். உத்திரத்தின் அடிப்பாகமே எட்டடியில் இருக்க வேண்டும், தளம் பத்தடிக்குப் போகும். அப்போது உயர்ந்த கோட்டுக்கு மேல் இரண்டடி இடைவெளி கிடைக்கும். கீழே ஒரு ஆள் தலை குனியாமல் நடக்கலாம். தூண்கள் உருண்டையாக, தள்ளித் தள்ளி இருந்தால் குப்பை சிக்காமல் போகும்.

பத்தடி என்றதும் அந்த நீல நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது. படிக்கட்டு மட்டும் வைத்தால் மறுபடியும் தூக்க நான்கு பேரைத் தேட வேண்டும். தோட்டத்தில் உழைத்த தலைமுறையில் முட்டி தேயாதவர் குறைவு, சர்க்கரை இல்லாதவரும் குறைவு. ஆகவே சரிவுப் பாதை கட்டாயம். சக்கர நாற்காலிக்கான கணக்கு, ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம். பத்தடிக்கு நூற்றிருபது அடி, இடையிடையே நின்று மூச்சு வாங்கச் சமதளம் வேறு. நேராகப் போட்டால் திடலைத் தின்றுவிடும், கட்டடத்தைச் சுற்றி ஏற்ற வேண்டும். செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இதுதான் என்று பயப்படுகிறேன். இதை வெட்டினால் மற்ற எதையும் கட்ட வேண்டாம் என்பேன். கல்யாணத்தன்று சாப்பாட்டுத் தவலைகளைத் தள்ளு வண்டியில் ஏற்றுவதும் இந்தப் பாதையில்தான், பிள்ளைகள் தினமும் ஓடி விளையாடுவதும் இதில்தான்.

கீழ்த்தளம் வெறும் தூண்களாக, நிழலாக இருக்கும். மழையிலும் இரவுச் சந்தை நடக்கும். உறுமி மேளப் பையன்களும் சிங்க நடனப் பையன்களும் இப்போது ஆளுக்கொரு மூலையில் பயிற்சி செய்து அக்கம்பக்கத்தில் திட்டு வாங்குகிறார்கள். மேளத்தோடு அவர்கள் இங்கே வரட்டும், கிழமை பிரித்துக்கொள்ளட்டும்.

அடுப்படி

நாலு பக்கத்து மக்களும் ஒரு மண்டபத்துக்குள் வருவதும் வராததும் அடுப்படியில் முடிவாகிறது. பொது மண்டபங்களில் வழக்கமாக ஒரே சமையலறை கட்டிவிட்டு, ஹலால் உணவு மட்டும் என்று ஒரு பலகை வைப்பார்கள். மலாய்க்காரருக்கு மன நிம்மதி, சரி. சைவ விரதம் இருப்பவர் என்ன செய்வார்? வெள்ளம் பெரும்பாலும் வருவது மார்கழி, தை மாதங்களில். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கப் பல நாள் விரதம் இருப்பவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. நிவாரண மையத்தில் கோழிக் குழம்பு கிளறிய கரண்டியிலேயே சோறு போட்டதால், பிஸ்கட்டும் கோப்பியும் குடித்து இரண்டு நாள் ஓட்டிய ஒருவரை எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்கிறது. வரும் சில ஆண்டுகள் அது பிப்ரவரி, ஜனவரி என்று வந்து, 2030-ல் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு முறையும் டிசம்பர் கடைசியில் ஒரு முறையுமாகத் தொடங்கும். எல்லாம் பருவமழைக் காலம். அதிகாலை நான்கு மணிக்கு, நோன்புக்கு முன் உண்ணும் சாஹூர் சமைக்க வேண்டியிருக்கும், பொழுது சாயும்போது நோன்பு திறக்கக் கஞ்சி வேண்டும்.

என் யோசனை, சுவர் பிரித்த இரண்டு சமையலறைகள். ஒன்று ஹலால், ஒன்று முழுச் சைவம். பாத்திரம், கழுவும் தொட்டி, அலமாரி எல்லாம் தனித்தனி. சைவச் சமையலறைச் சோற்றை விரதக்காரரும் சாப்பிடலாம், புத்த கோவிலுக்குப் போகும் சீனப் பாட்டியும் சாப்பிடலாம், பசித்தால் யாரும் சாப்பிடலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரே நீளமான பரிமாறும் மேடை. சமையல் பிரிந்திருக்கட்டும், வரிசை ஒன்றாக இருக்கட்டும்.

தண்ணீர், மின்சாரம், இடம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின்சார மெயின் பலகை மேல்தளத்தில். வெள்ளத்தில் மின்சார நிறுவனமான தெனாகா மின்சாரத்தை நிறுத்துவது நம் பாதுகாப்புக்காகத்தான், ஆகவே ஜெனரேட்டரும் மேலே, விளக்குக்கும் கைப்பேசிக்கும் கூரையில் சோலார். கழிவுத் தொட்டியிலிருந்து தண்ணீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் வால்வு வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் வருவது சேற்றாலும் அழுக்குத் தண்ணீராலும்தான்.

மண்டபம் அறுபதுக்கு நூறடி என்றால் கூரை ஆறாயிரம் சதுர அடி. ஐம்பது மில்லிமீட்டர் மழை பெய்தால் இருபத்தேழாயிரம் லிட்டர் விழும். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து லிட்டர் என்றால் 160 பேருக்குப் பத்து நாளைக்கு மேல் வரும், கழுவவும் கழிப்பறைக்கும். குடிக்கத் தனியாக வடிகட்டிக் கொதிக்க வைக்க வேண்டும்.

160 என்ற எண்ணை வேண்டுமென்றே சொன்னேன். ஆறாயிரம் சதுர அடி என்றதும் ஐந்நூறு பேர் படுக்கலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நிவாரணப் பணியில் உலக அளவில் வைத்திருக்கும் குறைந்தபட்சக் கணக்கு, ஆளுக்கு மூன்றரை சதுர மீட்டர். அப்படிப் பார்த்தால் 160 பேர்தான். ஓர் இரவு நெருக்கி உட்கார்ந்தால் இன்னும் பலர் இருக்கலாம். வாரக்கணக்கில் தங்க முடியாது.

தீவாகிவிடாதா என்ற கேள்வி

கூட்டத்தில் ஓய்வு பெற்ற பொம்பாக்காரர் (தீயணைப்பு வீரர்) ஒருவர் கேட்ட கேள்வி இது, நியாயமான கேள்வி. சுற்றிலும் ஆறடித் தண்ணீர் நின்றால் மண்டபம் தீவுதானே? ஆமாம், தீவுதான். மேட்டு மண்டபம் இதில் வெல்கிறது, மறுக்க மாட்டேன். தூண்களை நீட்டி, ரயில் நிலைய நடைமேடை வரை மேல்தளத்திலிருந்து ஒரு நடைபாலம் போட முடிந்தால் குறை பாதி தீரும். நடைமேடை மேட்டில் இருக்கிறது. ரயில்வே சம்மதிக்க வேண்டும், அது எளிதல்ல. முடியாவிட்டால் படிக்கட்டை அகலமாக, படகு அணையும்படி கட்ட வேண்டும். பொதுத் தற்காப்புப் படையின் படகு எந்த உயரத் தண்ணீரிலும் ஏதாவது ஒரு படியில் ஒட்டும்.

அந்த இரவுக்குத் திடல், விடிந்து படகில் போய் நாள் கணக்கில் தங்கப் பள்ளியும் மேடும். ஆறு அபாய அளவைத் தாண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால், நடக்க முடியாதவர்கள் பகலிலேயே மேட்டுக்குப் போய்விட வேண்டும். அதற்கு யார் யாருக்கு வண்டி என்ற பட்டியலும் இந்த மண்டபத்தில்தான் தயாராக வேண்டும்.

சாவி

சாவியை ஒருவரிடம் கொடுக்கக் கூடாது. அன்றைக்குச் சாவி வைத்திருந்தவரைக் குறை சொல்லவில்லை, அவர் வீட்டுக் கூரை வரை தண்ணீர். கம்பத்தில் ஒரு சாவி, தமானில் ஒன்று, புதுக்கிராமத்தில் ஒன்று, மேட்டு லயத்தில் ஒன்று. நிர்வாகக் குழுவில் நான்கு பக்கத்திலிருந்தும் ஆள், அதில் பாதிப் பேர் பெண்கள். வாடகைக் கணக்குப் புத்தகம் மண்டபத்துச் சுவரிலேயே தொங்கட்டும், யார் வேண்டுமானாலும் புரட்டலாம்.

வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தவுக்கே கடை முன்னால் கூடுகிறோம். நாடா எடுத்துக்கொண்டு நான்கு பக்கமும் போய், வீட்டுச் சுவர்களில் இருக்கும் வெள்ளக் கோடுகளை அளந்து ஒரே தாளில் எழுதப் போகிறோம். பொறியாளரிடம் கொடுக்க அதைவிட நல்ல தகவல் நம் கையில் இல்லை. நீல நாற்காலிப் பாட்டி போன வருடம் தவறிவிட்டார். அவர் வீட்டு முன்னறைச் சுவரில் 2007, 2011, 2023 மூன்று கோடுகளும் இருக்கின்றன. தீபாவளிக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறோம் என்று மகன் சொன்னார், அதனால் அந்த வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறோம்.